செங்கோட்டுவேல் சார் தேடிய ஓசை

அடிவாரத்தில் பஸ் நின்றிருந்தபோது மாதையனின் அழைப்பு வந்தது. சேலத்தில் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஏற்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்ன கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவர் மாதையன். காரணமில்லாமல் கூப்பிடுகிறவர் அல்ல.

"டீச்சருங்களா? சாரு போயிட்டாருங்க."

"எந்த சார், மாதையா?"

"நம்ம சாருங்க. பந்தடிக்கிற சாரு. காலையில காபி குடிச்சுப்போட்டு நாற்காலியில சாஞ்சவருங்க. வீட்டம்மா கூப்பிட்டிருக்காங்க, எந்திரிக்கலை."

எந்த சார் என்று நான் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. அந்த மைதானத்தில் எங்களுக்கு ஒரே ஒரு சார்தான். ஆனால் அப்படிக் கேட்டதனால் இன்னொரு நொடி அவர் உயிரோடு இருந்தார்.

பஸ் ஏறத் தொடங்கியது. இந்த மலைப்பாதையில் அவரோடு பலமுறை பயணம் செய்திருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட வளைவு வரும்போது பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வளைவு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. அன்று அந்த வளைவில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமே என்று தோன்றியது. ஈரமான பாறையும் பாசியும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலர் செங்கோட்டுவேல் சாரைச் சேலத்துக் கடைவீதியில் அறிந்திருப்பீர்கள். அவர் கடையில் ஆணியும் கீலும் பூட்டும் வாங்கியிருப்பீர்கள். பேரம் பேசினால் கோபிக்காமல், "எடுத்துட்டுப் போங்க, கதவு மாட்டுனதுக்கப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லும் மனிதர். மலைக்கு வந்தபின் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார்கள். வெறுமனே நடப்பது பிடிக்காததால், பள்ளி விளையாட்டு அறையில் யாரோ விட்டுப்போன மட்டைகளைத் தூக்கிக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். சுற்றிலும் காபிச் செடி, அதன்மேல் சில்வர் ஓக் மரங்கள், மரங்களில் மிளகுக் கொடி. எஸ்டேட்டின் பழைய முதலாளி ஒருவர் ஆசைக்குப் போட்ட மைதானம் அது. காட்டெருமைகள் வந்து நின்றால் அவை போகும் வரை நாங்கள் காத்திருப்போம்.

அவரை நான் முதலில் பார்த்தது மாதையனின் சாமான் கொட்டகை வாசலில். மகனின் மட்டைப் பையை எடுத்துப்போக வந்திருந்தார். மகன் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. பையைத் தோளில் மாட்டியவர் வெளியே வந்தார், நின்றார், பையை இறக்கி அதிலிருந்து ஒரு மட்டையை உருவினார். ஏழாம் நம்பர். அதன் இரும்பு முகத்தை வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏனுங்க, இத எப்படிப் புடிக்கிறதுங்க?" என்று கேட்டார்.

தெரிந்த அளவுக்குக் காட்டினேன். அன்று அவர் அடித்த ஒரு பந்துகூட ஒழுங்காக எழும்பவில்லை. பையை எடுத்துப்போகவும் இல்லை.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தரையில் கிடக்கும் பந்தை இரும்பு மட்டையால் அடிக்கும்போது மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும். அதன் பிறகுதான் மண்ணை. பந்து இருந்த இடத்துக்கு அப்பால், இலக்குப் பக்கமாக, புல் ஒரு பட்டையாகச் சீவிக்கொண்டு பெயர வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் பந்தை மேலே கிளப்பும் ஆசையில் பின்காலில் சாய்ந்துவிடுவோம். மட்டை பந்துக்கு ஒரு சாண் முன்னதாகவே மண்ணில் இறங்கிவிடும். மண்ணுக்குப் பயந்து உடம்பைத் தூக்கினால் பந்தின் உச்சந்தலையில் பட்டு அது தரையோடு ஓடும். எங்கள் இருவருக்கும் இந்த இரண்டு நோயும் இருந்தன.

ஆனால் அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பந்து எங்கே போகிறது என்று பார்க்க மாட்டார். கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து நிற்பார். பிறகு மெதுவாக, "அது இல்லீங்க" என்பார். என்னிடம் சொல்வதுபோல் இருக்காது. அருகில் யாரோ நின்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் இருக்கும். ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஒருநாள் மழை பிடித்துக்கொள்ள, கொட்டகையில் ஒதுங்கியபோது கேட்டுவிட்டேன். "எது இல்லீங்க, சார்?"

மட்டையின் முகத்தைத் துடைத்து என்னிடம் காட்டினார். கோடுகளுக்கு நடுவே, சின்ன நாணயம் அளவுக்கு, ஓர் இடம் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தது.

"எம்பையன் கவினு அடிச்ச எடமுங்க இது. பெங்களூர்ல வேலைக்குப் போனப்ப இந்த ஆட்டத்தக் கத்துக்கிட்டான். கடையப் பாத்துக்கடான்னு நாந்தான் கூப்பிட்டுக்கிட்டேன். சனிக்கிழமையானா கார்ல நானே மேல கூட்டியாருவேன். அவன் இங்க அடிப்பான். நான் கார்ல உக்காந்து பேப்பர் படிப்பேன்."

"வந்து பாக்க மாட்டீங்களா?"

"பாக்கலீங்க. என்ன இருக்குது பாக்கறதுக்குன்னு இருந்துட்டேன். சத்தம் மட்டும் கேக்கும். ஒரே மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும். பையன் அங்கதான் இருக்கான்னு படிச்சுக்கிட்டிருப்பேன். இப்ப சத்தம் அப்படியே காதுல இருக்குதுங்க டீச்சர். அவன் எப்படி நின்னான், எப்படித் திரும்புனான், ஒண்ணுமே எனக்குத் தெரியலீங்க."

ஒரு சனிக்கிழமை கடையில் சரக்கு வந்து இறங்கியதால் அப்பாவால் வர முடியவில்லை. கவின் மோட்டார் சைக்கிளில் தனியாகக் கிளம்பினான். மலையில் மழை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. கொட்டகையின் தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அவன் அடிச்ச எடத்துல அடிச்சா அந்தச் சத்தம் வருமுங்களா?" என்று கேட்டார். வரும் என்றேன். கணக்கு ஆசிரியை சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் அதற்காகவே உழைத்தோம். போனில் யார் யாரோ ஆடும் படங்களைப் பார்த்தோம். கோலமாவால் தரையில் ஒரு கோடு இழுத்து, பந்தை அந்தக் கோட்டின்மேல் வைத்து அடித்தோம். புல் பெயர்ந்த குழி கோட்டுக்கு அந்தப் பக்கம் விழ வேண்டும். முதல் சில வாரங்கள் எங்கள் குழிகள் எல்லாம் இந்தப் பக்கமே விழுந்தன. பந்துக்குப் பின்னால் ஒரு துண்டை விரித்துவைத்து, அதைத் தொடாமல் அடித்துப் பார்த்தோம். அவர் துண்டு பலமுறை பந்தைவிடத் தூரமாகப் பறந்தது. மட்டையின் முகத்தில் பந்து எங்கே படுகிறது என்று தெரிந்துகொள்ள, சட்டைப்பையில் இருக்கும் திருநீற்றை எடுத்துப் பூசுவார். அடித்ததும் அதில் ஒரு வட்டம் விழும். நுனியில், அடியில், கழுத்துப் பக்கத்தில். "சாமி கோவிச்சுக்காதுங்க. அதுக்கும் தெரியணுமுல்ல எங்க படுதுன்னு" என்பார்.

முழு வீச்சில் அடிப்பதை விட்டுவிட்டுப் பாதி வீச்சில் மட்டும் பழகினோம். இடுப்பு உயரத்துக்கு மேல் மட்டை போகக்கூடாது. உடம்பின் பாரம் முன்காலுக்கு வந்த பிறகே கை இறங்க வேண்டும். பந்தைத் தொடும் நேரத்தில் கை மட்டைக்கு முன்னால் இருக்க வேண்டும். ஒருநாள் நான் எரிச்சலில் மட்டையை எறிந்தபோது அவர் சொன்னார்: "பந்தைத் தூக்கணும்னு நெனைக்காதீங்க டீச்சர். மட்டையோட மொகத்துலயே அந்தச் சாய்வ வெச்சுத்தான் செஞ்சிருக்கான். நாம கீழ அடிச்சா அது மேல போவும்." எனக்குப் பந்து எழும்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அவர் சிரிக்கவே மாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மாதையன் மகள் கல்யாணத்துக்கு மஞ்சக்குட்டை கிராமத்துக்குப் பொது ஜீப்பில் போனோம். திரும்பும்போது நேராக மைதானத்துக்குப் போக வேண்டும் என்று மட்டையையும் கொண்டுவந்திருந்தார். பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, "இது என்ன சாமானுங்க?" என்று கேட்டார். "மண்ணு வெட்டுறதுங்கம்மா. பந்தடிக்கிறதுன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. இதுவரைக்கும் மண்ணத்தான் வெட்டியிருக்கேன்" என்றார். ஜீப்பே சிரித்தது.

இதில் அவர் மனைவி சரோஜாக்காவைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. சேலத்து வீட்டுக் கொல்லையில் கவின் ஒரு வலை கட்டி, மாலையானால் அதில் பந்தடித்துப் பழகுவானாம். சமையலறை ஜன்னல் அந்த வலையைப் பார்த்தது. அவன் போன பிறகு அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று அடுப்புப் பற்றவைக்க அவரால் முடியவில்லை. சார் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு மலைக்கு வந்ததே அதனால்தான். அவர்கள் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு மைதானத்துக்கு மேலே, மரங்களுக்கு அப்பால் இருந்தது. மைதானம் அங்கே இருப்பது அக்காவுக்குத் தெரியும், வந்து பார்த்ததில்லை. மட்டைகளை யாருக்கோ கொடுத்தாயிற்று என்று நினைத்திருந்தார். சார் சாயங்காலம் என்னோடு நடக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் அடிகளின் சத்தம் அவர் வீடுவரை கேட்டுத்தான் இருக்கிறது. எஸ்டேட்டில் யாரோ விறகு பிளக்கிறார்கள் என்று நினைத்தாராம். எங்கள் ஆட்டத்தின் தரம் அப்படி.

அது நடந்தது ஒரு பனிநாள் மாலை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்காதவருக்குப் பனி என்ன செய்யும்? வழக்கம்போல் கோடு இழுத்தார், பந்தை வைத்தார். அவர் மட்டையை மேலே கொண்டுபோனதும் ஏதோ வித்தியாசமாக இருந்தது. அவசரம் இல்லை. பாரம் முன்காலுக்கு வந்ததை நான் பார்த்தேன். பிறகு அந்த ஓசை.

பெரிய ஓசை அல்ல. கனமான கதவில் தாழ்ப்பாள் சரியாக அதன் குழியில் போய் விழுந்தால் வருமே, அப்படி. உடனே அதன் பின்னால் புல் கிழியும் சின்னச் சத்தம். பந்து பனிக்குள் போய்விட்டது. கவினின் ஓசையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இருந்தாலும் இது அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கண்ணை மூடியபடி இருந்தார். அன்று "அது இல்லீங்க" என்று சொல்லவில்லை.

மேலேயிருந்து குரல் கேட்டது.

"கவினு! கண்ணு, கவினூ!"

பனிக்குள்ளிருந்து சரோஜாக்கா ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. கையில் மாவு ஒட்டியிருந்தது. கோட்டுக்குச் சற்றுத் தூரத்தில் நின்றார். மட்டையோடு நிற்கும் கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பனிக்குள் எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"நீங்களா?" என்றார்.

சார் மட்டையைக் கீழே போட்டார். அக்காவைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். மட்டையை எடுத்துத் துடைத்துக் கொட்டகையில் வைத்தது நான்தான். திருநீற்றில் விழுந்திருந்த வட்டம் அந்தத் தேய்ந்த இடத்தின்மேல் கச்சிதமாக இருந்தது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் துடைத்தேன்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் மைதானத்துக்கு வரவில்லை. ஒருநாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். "அடிக்கவே பயமா இருக்குதுங்க டீச்சர். மோசமா அடிச்சவரைக்கும் அவ நிம்மதியா இருந்தா. நல்லா அடிக்கக் கத்துக்கிட்டு அவளக் கொன்னுபோட்டேன்" என்றார். உள்ளே போனேன்.

சரோஜாக்கா எனக்குக் காபி கலந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினார். "அவரு நா அழுதேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. இல்லீங்க டீச்சர். அடுப்படியிலிருந்து அந்த மைதானத்துக்கு வர்ற வரைக்கும் எம்பையன் உசுரோட இருந்தானுங்க. அத்தன தூரம் இருந்தான். நா ஓடி வந்தது அவனப் பாக்கறதுக்குத்தான். அந்த மாதிரி நா ஓடி எத்தன நாளாச்சு." டம்ளரை என் கையில் வைத்தார். "அவரப் போயி அடிக்கச் சொல்லுங்க. நாஞ்சொன்னா கேக்க மாட்டாரு."

இதைச் சாரிடம் சொல்லலாமா என்று நான் வெகுவாக யோசித்தேன். நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் சொன்னேன். மறுநாள் அவர் வந்தார்.

பிறகு இது அவர்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. மாலையில் இவர் கீழே அடிப்பார். அக்கா மேலே வாசற்படியில் நிற்பார். மரங்கள் மறைப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பெரும்பாலும் விறகு பிளக்கும் சத்தம்தான். எப்போதாவது ஒருமுறை அது வரும். அது வந்ததும் இவர் அடிப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அன்று அந்த வீட்டில் விளக்கு சீக்கிரம் எரியும். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்று மாதையன் சொல்வார். அந்த ஓசைக்காக நானும் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். என் பந்தை வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றிருப்பேன். பார்த்தே இராத ஒரு பையன் அடிப்பதற்காக நான் வழிவிட்டு நிற்கிறேன் என்று ஒருநாள் உணர்ந்தேன்.

ஆனால் இந்த ஆட்டத்தில் விடாமல் பழகினால் கை திருந்திவிடும். சார் நன்றாக அடிக்கத் தொடங்கினார். வாரத்துக்கொருமுறை வந்த ஓசை தினமும் வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. குழிகள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், அழகாக, மெல்லியதாக. நான் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாளில், சரோஜாக்கா வாசலுக்கு வருவது குறைந்தது.

சந்தையில் பார்த்தபோது கேட்டேன். "இப்ப அது இவரு சத்தமா ஆயிருச்சுங்க" என்றார். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "மொதல்ல கேட்டா அவன்னு தோணும். இப்ப கேட்டா, இவரு ஊட்டுக்கு வரப்போறாரு, காபி வெக்கணும்னு தோணுது. அவரு கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாலை, அருமையாக ஒன்று அடித்துவிட்டு, மரங்களைப் பார்த்தபடி நின்றார். "நொம்ப நல்லாப் பழகிட்டேனுங்க போல" என்றார். அந்தக் குரலில் பெருமை துளியும் இல்லை. மகனை இரண்டாவது முறை தொலைத்தவரின் குரல் அது. மட்டையை எடுத்து வைத்துவிட்டு முன்னதாகவே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகும் அவர் வருவதை விடவில்லை. ஏன் என்று கேட்டேன். "காபி வெச்சிருப்பாளுங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த வருடம் முழுவதும் அடித்தார், வீட்டுக்குப் போய்க் காபி குடித்தார். ஒரு காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

காரியம் எல்லாம் முடிந்து உறவினர்கள் மலை இறங்கிய பிறகு போனேன். சரோஜாக்கா தனியாக இருந்தார். சாரின் தம்பி தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டும் போகவில்லையாம். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் இருவர் காதும் கீழே மைதானத்தின் பக்கம்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? அடிக்கும்போது அவரு மொகம் எப்படிங்க இருக்கும்? நா மேல நின்னு கேட்டதோட செரி. ஒருநாளும் வந்து பாக்கலீங்க."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. வேறு யாரிடமும் இல்லாத பதில். சொன்னேன். பந்தின் முன்னால் நின்றதும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார். இடது கண் கொஞ்சம் சுருங்கும். மட்டை மேலே போகும்போது முகம் அசையாது. தூங்கும் குழந்தையைத் தூக்கப்போகிறவர்போல் இருக்கும். பந்து போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு குனிந்திருப்பார், கண் மூடும் வரைக்கும். எல்லாம் முடிந்து கடைசியில்தான் நிமிர்வார்.

சரோஜாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தானுங்க" என்றார். "காபி குடுத்தேன். டம்ளரப் பாக்கறாரு, தரையப் பாக்கறாரு. எங்கப்பா கேக்கறதுக்கெல்லாம் தரையப் பாத்தே பதில் சொல்றாரு. எல்லாரும் எந்திரிச்சு வாசலுக்குப் போயாச்சு. செருப்ப மாட்டிக்கிட்டு, அப்பத்தான் நிமிந்து பாத்தாரு." முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

பனி இறங்கும் மாலைகளில் நான் இப்போது மைதானத்துக்குப் போவதில்லை. வெயில் இருக்கும்போது போய் அடித்துவிட்டு வந்துவிடுகிறேன். செங்கோட்டுவேல் சாரிடமிருந்து என்னிடம் இருப்பது, குனிந்து நிற்கும் அந்த முகம். அதை வாரத்துக்கொருமுறை நாகலூர்ப் பஸ்ஸில் ஏறிப்போய் சரோஜாக்காவுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு முன்பு நினைவில்லாத ஏதாவது ஒன்று ஞாபகம் வருகிறது.